மூன்றில் எது

சரியாக ஓடிக்கொண்டிருக்கும் ஒன்றை நிறுத்திவிட்டு, "இது ஏன் ஓடினது?" என்று கேட்கும் ஆளை யாரும் வீட்டுக்குள் விடமாட்டார்கள். நான் விட்டேன். அன்று எனக்கு வேறு போக்கிடம் இல்லை. அவன் பெயரை இங்கே எழுதப்போவதில்லை. எழுதினால் எங்கிருந்தாவது படித்துவிட்டு, ஏன் எழுதினீர்கள் என்று கேட்பான். என்னிடம் பதில் இருக்காது, அவனும் விடமாட்டான்.

நியூசிலாந்தில், ஆக்லாந்தின் பாபடோயிட்டோய் பகுதியில் நான் ஓர் அறை எடுத்துத் தங்கியிருந்த வீட்டின் பின்னால், துணி காயப்போடும் கம்பியைத் தாண்டி, தனியாக ஒரு சின்ன அறை இருந்தது. இங்கே அதை ஸ்லீப்அவுட் என்பார்கள். அதில்தான் அவன் இருந்தான். யாழ்ப்பாணத்துப் பக்கத்துப் பையன் என்று சொல்லலாமா தெரியவில்லை, அப்போது அவனுக்கு இருபத்தேழு வயது. என்னைவிட ஒன்பது வயது சிறியவன். ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு ரொட்டித் தொழிற்சாலையில் வேலை. விடிவதற்கு முன்பே போய் மதியம் திரும்பிவிடுவான். திரும்பியதும் தூங்குவான் என்று நினைப்போம். தூங்க மாட்டான். வெறும் தேத்தண்ணீரைக் கோப்பையில் ஊற்றிக்கொண்டு, உள்ளங்கையில் ஒரு துண்டு பனங்கட்டியோடு, கம்பிக்கும் வேலிக்கும் நடுவே நடந்துகொண்டே குடிப்பான். அவன் நாற்காலியில் உட்கார்ந்து நான் பார்த்தது மொத்தம் இரண்டு தடவைதான்.

எங்கள் தெருவில் அவனைப் பற்றி ஒரு பேருந்துக் கதை உண்டு. ஒரு நாள் ஓட்டுநர், மழையில் நனைந்து வந்தவனைப் பார்த்து, காசு வேண்டாம் ஏறு என்று கையைக் காட்டியிருக்கிறார். வேறு யாராக இருந்தாலும் நன்றி சொல்லிவிட்டுப் போய் உட்கார்ந்திருப்பார்கள். இவன் அங்கேயே நின்றுகொண்டு, ஏன் வேண்டாம் என்று கேட்டிருக்கிறான். சீட்டு இயந்திரம் பழுதா, இன்றைக்கு எல்லோருக்கும் இலவசமா, என்னைப் பார்த்தால் எப்படித் தெரிகிறது, எதனால் என்று கேள்வி மேல் கேள்வி. பின்னால் வரிசை நீண்டுவிட்டது. கடைசியில் அந்த மனிதர் எரிச்சலாகி, காசைக் கொடு என்று வாங்கிக்கொண்டாராம். நானே இதை அவனிடம் கேட்டேன். "ஓம் அக்கா, நடந்தது. ஆனா ஏன் விட்டவர் எண்டு கடைசி வரைக்கும் சொல்லேல்ல" என்றான். காசு போனதில் அவனுக்கு வருத்தமே இல்லை.

கார் கதை இன்னும் மோசம். இரண்டு வீடு தள்ளி இருந்த ஓர் அம்மாவின் கார், கல்யாணத்துக்குப் புறப்படுகிற நேரத்தில் கிளம்பவில்லை. இவனைக் கூப்பிட்டார்கள். இவன் போய் முன்பக்கத்துப் பானட் மூடியைத் திறந்ததுதான் தாமதம், உள்ளே யாரோ சாவியைத் திருப்ப, கார் கிளம்பிவிட்டது. அந்த அம்மா கும்பிட்டுவிட்டு ஏறப் போனார். "நிப்பாட்டுங்கோ அன்ரி, நான் இன்னும் ஒண்டும் செய்யேல்ல, இது தற்செயல்" என்று சாவியைத் திருப்பி அணைத்துவிட்டான். அதற்கப்புறம் அது கிளம்பவே இல்லை. பட்டுப்புடவையோடு அந்த அம்மா படியில் உட்கார்ந்திருந்ததை நான் பார்த்தேன். இவன் பானட்டுக்குள் தலையை விட்டுக்கொண்டு, மிகவும் திருப்தியாக, "இப்ப கண்டுபிடிக்கலாம்" என்று சொல்லிக்கொண்டிருந்தான்.

இவ்வளவும் தெரிந்தும் நான் அவனிடம் போனேன் என்றால் என் நிலைமையைப் புரிந்துகொள்ளுங்கள். என் படிப்பு முடிந்திருந்தது. வேலை தேடும் விசா முடிய ஆறு வாரம் இருந்தது. கணவரும் ஏழு வயது மகளும் மதுரையில். எனக்குப் படித்த துறையில் வேலை கிடைத்தால் அவர்கள் இங்கே வருவார்கள், கிடைக்காவிட்டால் நான் அங்கே போக வேண்டும், நடுவில் வேறு வழி கிடையாது. ஐம்பத்துச் சொச்சம் விண்ணப்பங்களுக்குப் பிறகு, தெற்கே டனீடன் நகரத்தில் ஓர் ஆய்வகத்திலிருந்து, வியாழக்கிழமை காலை பத்து மணிக்கு வீடியோவில் நேர்காணல் என்று மின்னஞ்சல் வந்தது. அதை நூலகத்துக் கணினியில் படித்தது திங்கட்கிழமை.

நூலகத்தில் பேச முடியாது. என் கைப்பேசி பொத்தான் வைத்த பழைய மாதிரி. வீட்டில் இணைய இணைப்பு இல்லை. என்னிடம் இருந்தது, யாரோ வாங்கி யாரோ விற்ற ஒரு பழைய மடிக்கணினியும், தொலைபேசிக் கடையில் வாங்கிய விரல் நீள யூஎஸ்பி மோடமும்தான். மடிக்கணினி முன்னவர் கையில் என்ன பாடுபட்டதோ, திறந்தால் இருபது விளம்பரங்கள் வந்து உட்கார்ந்துகொள்ளும், பிறகு அசையாது. மோடத்தைச் செருகினால் ஒன்றும் நடக்காது.

அவன் கணினியை ஒரு பார்வை பார்த்தான். "இதுக்கு லினக்ஸ் போடுவம் அக்கா."

"அப்படின்னா?"

"விண்டோஸ் மாதிரி இன்னொண்டு. ஆனா உள்ளுக்கை என்ன நடக்குதெண்டு பாக்கலாம்."

உள்ளே என்ன நடக்கிறது என்று பார்ப்பதில் எனக்கு எந்த ஆசையும் இல்லை, வியாழக்கிழமை என் முகம் டனீடனில் தெரிந்தால் போதும் என்றேன். அவன் தலையை ஆட்டினான். அதைச் சம்மதம் என்று எடுத்துக்கொண்டது என் தப்பு.

அவன் எதையும் தன் கையால் செய்யவில்லை. என்னை மேசையில் உட்காரவைத்துவிட்டு, அலமாரியிலிருந்து ஜன்னலுக்கு நாலு எட்டு, ஜன்னலிலிருந்து அலமாரிக்கு நாலு எட்டு என்று நடந்தபடி சொல்லிக்கொண்டே போவான், நான் தட்ட வேண்டும். ஏன் என்று கேட்டேன். "என்ரை கை வேகமாப் போயிடும். பிறகு என்ன செய்தனான் எண்டு எனக்கே தெரியாது" என்றான். பழைய விண்டோஸை அழிக்காமல் பக்கத்திலேயே லினக்ஸை ஏற்றினோம். இனி கணினியைப் போட்டால், எதைத் தொடங்கட்டும் என்று முதலில் ஒரு பட்டியல் வரும். அந்தப் பட்டியலைக் காட்டுகிற சின்ன நிரலுக்குப் பூட்லோடர் என்று பெயர். இது வரைக்கும் எல்லாம் ஒழுங்காகவே நடந்தது.

செவ்வாய்க்கிழமை மோடம். அதைச் செருகியதும் திரையில் ஒரு சீடியின் படம் வந்தது. நான் சீடி எதுவும் போடவில்லையே என்றேன்.

"இந்தச் சாமான் அப்பிடித்தான் அக்கா. முதல்ல தன்னைச் சீடி எண்டு சொல்லும். நாங்கள் தட்டிச் சொல்லோணும், நீ சீடி இல்லை, மொடம் எண்டு."

அப்படித் தட்டிச் சொல்ல ஒரு மென்பொருள் வேண்டுமாம். இணையம் இருந்தால்தான் அதை இறக்கலாம், அது இருந்தால்தான் இணையம் வரும். அவன் ஒரு பென் டிரைவோடு நூலகத்துக்கு நடந்தான். திரும்பி வந்தால் தவறானதைக் கொண்டுவந்திருந்தான். மறுபடி நடந்தான். வேலை முடித்து வந்தவன் அந்த மழையில் இரண்டு முறை போய்வந்தான் என்பதையும் நான் சொல்லித்தான் ஆக வேண்டும். கொண்டுவந்ததை ஏற்றினோம். தொலைபேசி நிறுவனத்தின் இணைப்புப் பெயரை அமைப்பில் எழுதினோம். அப்படியும் வரவில்லை என்று, இடப்பக்கத் துளையிலிருந்து மோடத்தைப் பிடுங்கி வலப்பக்கம் செருகினேன். நீல விளக்கு எரிந்தது. என் மின்னஞ்சல் திறந்தது. மகள் பள்ளிக்கூட ஆண்டுவிழாவில் கிளி வேஷம் போட்ட படத்தைக் கணவர் அனுப்பியிருந்தார், அது மேலிருந்து மெல்ல மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. கொண்டை, நெற்றி, கண் வரைக்கும் வந்துவிட்டது.

"கழட்டுங்கோ" என்றான்.

"என்னது?"

"மொடத்தைக் கழட்டுங்கோ. மூண்டு மாத்தம் செய்திருக்கிறம். எது சரிசெய்தது எண்டு தெரியாது."

"தம்பி, வேலை செய்யுது."

"வேலை செய்யிறது வேறை, சரிவந்தது வேறை அக்கா. நாளைக்கு நிண்டா என்னண்டு திருப்பிக் கொண்டுவருவீங்கள்?"

அவன் சொன்னதில் நியாயம் இருந்ததுதான் எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது. கழற்றினேன். மூன்றையும் பழையபடி மாற்றினோம். பிறகு ஒவ்வொன்றாக. இடப்பக்கத் துளையில் எது செய்தாலும் வரவில்லை. வலப்பக்கம், இணைப்புப் பெயர் இல்லாமல், வரவில்லை. வலப்பக்கம், பெயரோடு, அந்த மென்பொருளைத் தூக்கிவிட்டு, வந்தது. ஒன்றரை மணி நேரம். அவன் இரண்டு தடவை நூலகத்துக்கு நடந்து கொண்டுவந்த பொருள்தான் தேவையே இல்லாதது. அதைக் கண்டுபிடித்தபோது அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே, யாரோ பரிசு கொடுத்த மாதிரி. "மூண்டில ரெண்டு அக்கா. துளையும் பேரும்." என்னால் சிரிக்காமல் இருக்க முடியவில்லை. மகளின் மீதி முகத்தையும் அதற்குப் பிறகுதான் பார்த்தேன்.

அத்தோடு விட்டிருந்தால் இதை நான் எழுதியிருக்க மாட்டேன். புதன்கிழமை மதியம், எல்லாம் நன்றாக இருக்கிறதா பார்க்கிறேன் என்று வந்தான். கணினியைப் போட்டேன். பட்டியல் வந்தது. லினக்ஸ், விண்டோஸ், அதன் கீழே இன்னொரு விண்டோஸ்.

"இது ஏன் ரெண்டு தரம் நிக்குது?"

நான் அப்போதே எழுந்து கணினியை மூடியிருக்க வேண்டும். வீட்டில் உப்பு இல்லை, மூலைக்கடையில் வாங்கிவருகிறேன் என்று சொல்லியிருக்க வேண்டும். அதை விட்டுவிட்டு, "எனக்கென்ன தெரியும்" என்று உட்கார்ந்திருந்தேன். கணினியின் வட்டை அறை அறையாகப் பிரித்து எண் கொடுத்து வைத்திருக்கும், அதில் ஓர் அறையில் முன்னவர் வைத்துவிட்டுப் போன எதற்கும் ஆகாத சரக்கு கிடக்கிறது, அதனால்தான் பட்டியலில் இரண்டாவது வரி, என்று கண்டுபிடித்தான். அழித்தால் தெரிந்துவிடும் என்றான். அவன் சொல்ல, அழித்தது நான். என் விரல்தான்.

திரும்பப் போட்டபோது பட்டியல் இல்லை. கறுப்புத் திரை. மேல் மூலையில் ஒற்றை வரி, கிரப் ரெஸ்க்யூ என்று, பக்கத்தில் ஒரு கோடு கண் சிமிட்டிக்கொண்டிருந்தது. லினக்ஸும் இல்லை, விண்டோஸும் இல்லை. நேர்காணலுக்கு இருபது மணி நேரம்கூட இல்லை. அவனைத் திரும்பிப் பார்த்தேன். அவன் நடையை நிறுத்தியிருந்தான்.

"இப்பத்தான் அக்கா, இது எப்பிடி எழும்புதெண்டு வடிவா விளங்கப்போகுது."

ஓங்கி ஓர் அறை விட்டிருப்பேன். அவன் கன்னம் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருந்தது. "என் புள்ளைய நான் பாத்து பதினாலு மாசம் ஆகுது தம்பி" என்றேன். அவன் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான். அது முதல் தடவை.

நடந்தது இதுதான். ஐந்தாம் அறையை நாங்கள் அழித்ததும், ஆறாம் அறை ஐந்து என்று எண் மாறிவிட்டது. லினக்ஸ் இருந்தது அந்த ஆறில். பூட்லோடர் ஆறாம் எண் வீட்டைத் தேடிப் போய், தெருவில் அப்படி ஒரு வீடே இல்லை என்று நின்றுகொண்டிருந்தது. அவன் சொல்லச் சொல்ல நான் ஒவ்வோர் எண்ணாகத் தட்டிப் பார்த்தேன். ஒன்று, தெரியாது என்றது. இரண்டு, தெரியாது. ஐந்தில் கோப்புகளின் பெயர்கள் வரிசையாக வந்து விழுந்தன. இனி இங்கே வா என்று அதற்குப் புது எண்ணைச் சொல்லிக் கொடுக்க நாலைந்து வரிகள். ஓர் எழுத்து தவறினாலும் முதலிலிருந்து. மாலை ஐந்து மணிக்குப் பட்டியல் வந்தது, விண்டோஸ் ஒரே ஒரு வரியில். அவன் எழுந்து நின்றான். கண் திரையிலேயே இருந்தது. வாயைத் திறந்தான்.

"கூடாது" என்றேன். கணினியைத் தூக்கிக்கொண்டுபோய் என் கட்டிலில் தலையணைக்குக் கீழே வைத்தேன்.

வியாழக்கிழமை அவன் விடுப்பு எடுத்திருந்தான். எனக்காக என்று சொல்லவில்லை. நான் உள்ளே வரக் கூடாது என்று சொல்லியிருந்ததால், தூறலில், கம்பிக்கும் வேலிக்கும் நடுவே நடந்துகொண்டிருந்தான். ஜன்னல் வழியாக அவன் தலை போவதும் வருவதும் தெரிந்தது. நான் அந்தப் பக்கம் பார்க்காமல் இருக்க நாற்காலியைத் திருப்பிப் போட்டேன்.

பத்து மணிக்கு ஆய்வக மேலாளர் திரையில் வந்தார். ஐம்பது வயது இருக்கும் ஓர் அம்மா, கழுத்தில் கண்ணாடியைத் தொங்கவிட்டிருந்தார். இரத்த மாதிரிகளை எப்படிக் கையாள்வேன், அவசரமாக ஒன்று வந்தால் எதை நிறுத்துவேன் என்றெல்லாம் கேட்டார். எனக்குத் தெரிந்ததைச் சொன்னேன். இருபதாவது நிமிடம் அவர் முகம் பாதிச் சிரிப்பில் நின்றுவிட்டது. சத்தமும் இல்லை. மோடத்தில் நீலம் போய்ப் பச்சை எரிந்தது. கையை நீட்டினேன். பிடுங்கிச் செருகவா, பெயரைப் பார்க்கவா, தொடாமல் இருக்கவா. நீட்டிய கை அப்படியே நின்றது. எவ்வளவு நேரம் என்று தெரியாது. பச்சை மறுபடி நீலமானது. அந்த அம்மா, "எங்கே இருந்தோம்?" என்றார்.

முடித்துவிட்டு வெளியே வந்தேன். அவன் சட்டை தோளோடு ஒட்டியிருந்தது.

"என்ன மாதிரிப் போனது?"

"நல்லாத்தான் பேசினேன். நடுவுல ஒரு தடவை நின்னுச்சு. அப்புறம் தானா வந்துருச்சு."

"தானா வந்ததோ?" ஒரு கால் படியில் ஏறிவிட்டது.

"தம்பி, உள்ள வந்தீங்கன்னா நான் போலீஸக் கூப்புடுவேன்."

அதற்குப் பிறகு ஒன்பது நாள். என்னால் சமைக்க முடியவில்லை, தூக்கம் வரவில்லை, செலவுக்காகப் பார்த்துவந்த பொட்டலம் கட்டும் வேலையில் மூடி இல்லாத டப்பாக்களை அனுப்பித் திட்டு வாங்கினேன். அவன் என்னைவிடத் தவித்தான். தினமும் மதியம் வந்து கதவருகில் நின்று, "ஏதும் வந்ததோ?" என்பான். நான் இல்லை என்றதும் அவர்கள் கேட்ட கேள்விகளை ஒவ்வொன்றாகக் கேட்பான், என் பதில்களைக் கேட்பான், எந்தப் பதிலுக்கு அந்த அம்மா தலையாட்டினார் என்று கேட்பான். நீங்க போங்க தம்பி, எனக்குத் தலை வலிக்குது என்று அனுப்பிவிடுவேன். பத்தாம் நாள் வேலை கிடைத்துவிட்டது என்று மின்னஞ்சல் வந்தது. மதுரைக்குப் பேசினேன். மகள் ஒன்றும் புரியாமல், "அப்ப கிளி டிரெஸ்ஸ எடுத்துட்டு வரலாமா?" என்றாள். அழுதேன், சிரித்தேன், முகம் கழுவிக்கொண்டு கடைத்தெருவுக்குப் போய் ஒரு கிலோ லட்டு வாங்கிக்கொண்டு நேராக ஸ்லீப்அவுட் கதவைத் தட்டினேன்.

"கிடைச்சிருச்சு தம்பி."

அவன் முகம் மலர்ந்தது. நிஜமாகவே மலர்ந்தது, அதை நான் மறைக்க மாட்டேன். ஒரு லட்டை எடுத்துக்கொண்டான். "நல்லது அக்கா. நல்ல சந்தோசம்." ஒரு வாய் கடித்தான். "ஏன் உங்களுக்கு வேலை தந்தவை?"

எனக்கு எங்கிருந்து அவ்வளவு கோபம் வந்தது என்று இன்றும் தெரியாது. பதினாலு மாதக் கோபம் அது, அவன் வாசலில் நின்றான், அவ்வளவுதான்.

"கிடைச்சத கிடைச்சதுன்னு வச்சுக்கவே தெரியாதா உனக்கு? எல்லாத்தையும் பிரிச்சுப் போட்டாத்தான் உனக்குச் சோறு இறங்குமா? நான் நல்லா இருக்கறது உனக்குப் பொறுக்கலையா?" அன்றுதான் முதல் முறையாக அவனை நீ என்றேன்.

அவன் லட்டைக் கையிலேயே வைத்திருந்தான். உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்தான். அது இரண்டாவது தடவை. நான் கதவில் நின்றேன். போகவும் முடியவில்லை.

"ஊரில சண்டை முடிஞ்ச நேரம் அக்கா" என்றான். "அண்ணாவும் நானும் ஒரு வரிசையில நிண்டனாங்கள். முன்னுக்கு ஆமியின்ரை மேசை. மேசையில இருந்த ஆள் என்னைப் பாத்து, நீ போ எண்டான். அண்ணாவைப் பாத்து, நீ அங்கால நில் எண்டான். நான் போனனான். அண்ணா நிண்டவன்."

"அப்புறம்?"

"அப்புறம் இல்லை."

வெளியே யாரோ புல் வெட்டும் இயந்திரத்தை ஓட்டிக்கொண்டிருந்தார்கள்.

"ரெண்டு பேரிட்டையும் ஒரே மாதிரிக் கடிதம். ஒரே நாள் எடுத்த அடையாள அட்டை. நான் நீலச் சேட்டு, அவன் வெள்ளை. நான் இடப்பக்கம் நிண்டனான். அவன் அந்த ஆளை நேர பாத்தவன், நான் நிலத்தைப் பாத்தனான். மூண்டு வித்தியாசம். எதெண்டு இப்பவும் தெரியாது." லட்டைப் பெட்டிக்குள் திருப்பி வைத்தான். "ஒவ்வொண்டா மாத்திப் பாக்க ஏலாது அக்கா. அது ஒருக்காத்தான் நடந்தது."

மன்னிச்சிரு என்றேன். எதுக்கு என்று அவன் கேட்கவில்லை. அவனிடம் நான் சொன்னவற்றில் அவன் கேள்வி கேட்காத முதல் வார்த்தை அதுதான்.

டனீடனுக்குப் போகிற நாள் பேருந்து நிலையம் வரை பெட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தான். அதற்குப் பிறகு நான் அவனைப் பார்க்கவில்லை. எட்டு வருடம் கழித்து, மகளின் பள்ளிக்கூடத்துக்காக ஆக்லாந்து திரும்பி எப்சமில் வீடு எடுத்தபோது, பாபடோயிட்டோய் போய் விசாரித்தேன். அவன் பெர்த்துக்குப் போய்விட்டான் என்றார்கள், இல்லை கனடாவுக்கு என்றார்கள். அவனுடைய பழைய தொலைபேசி எண் வேறு யாரிடமோ போயிருக்கிறது. அந்த வீட்டில் இப்போது ஸ்லீப்அவுட் இல்லை, இடித்துவிட்டு இரண்டு மாடியில் புதிதாகக் கட்டியிருக்கிறார்கள்.

ஆனால் ஒரு தடவை தொலைபேசியில் பேசினோம். டனீடனில் சேர்ந்து மூன்றாவது மாதம். கணவரும் மகளும் வந்துவிட்டார்கள், எல்லாம் ஒழுங்காக ஓடிக்கொண்டிருந்தது. அதை நிறுத்திப் பார்க்க எனக்குப் பயமாகத்தான் இருந்தது. என்றாலும் ஒரு வெள்ளிக்கிழமை, எல்லோரும் கிளம்பிய பிறகு, மேலாளர் அம்மாவின் அறைக் கதவில் போய் நின்று, என்னை ஏன் எடுத்தீர்கள் என்று கேட்டேன். அவர் கண்ணாடியைக் கழற்றிவிட்டு என்னைப் பார்த்தார். உண்மையைச் சொல்லட்டுமா என்றார். சொல்லுங்கள் என்றேன். கடைசியில் இரண்டு பேர் நின்றீர்கள், உங்கள் இருவருக்கும் நடுவில் எந்த வித்தியாசமும் எனக்குத் தெரியவில்லை, யாரையாவது முதலில் கூப்பிட வேண்டுமே என்று அந்த ஆளைக் கூப்பிட்டேன், அவர் போன வாரமே வேறு வேலையில் சேர்ந்துவிட்டேன் என்றார், பிறகு உங்களைக் கூப்பிட்டேன், என்றார்.

இதை அவனிடம் சொல்வதா என்று இரண்டு நாள் யோசித்தேன். ஞாயிற்றுக்கிழமை மதியம் கூப்பிட்டேன். நடந்துகொண்டேதான் பேசினான், மூச்சு கேட்டது. அந்த அம்மா சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் சொன்னேன்.

"அப்ப நீங்கள் சொன்ன பதிலாலை இல்லை."

"இல்ல."

"நடுவில நிண்டு திருப்பி வந்ததாலையும் இல்லை."

"அதாலயும் இல்ல தம்பி. அந்த ஆள்கிட்டயும் ஒரு குத்தமும் இல்ல, என்கிட்டயும் ஒரு விசேஷமும் இல்ல. ரெண்டு பேருக்கும் நடுவுல வித்தியாசமே இல்லைன்னு அவங்க வாயாலேயே சொன்னாங்க."

மூச்சு வாங்கும் சத்தம் அடங்கியது. நடை நின்றுவிட்டது என்று எனக்குத் தெரிந்தது.

"அப்ப நான் நிலத்தைப் பாத்ததாலை எண்டும் சொல்ல ஏலாது" என்றான்.

"சொல்ல முடியாது" என்றேன்.

"ஓம்" என்றான். பிறகு, மகளுக்கு டனீடன் குளிர் பழகிவிட்டதா என்று கேட்டான். பழகிவிட்டது என்றேன். சரி அக்கா, பிறகு கதைக்கிறன் என்று வைத்துவிட்டான். அடுத்து ஒரு ஏன் வரும் என்று நான் போனைக் காதிலிருந்து எடுக்காமல் வெகுநேரம் நின்றுகொண்டிருந்தேன்.